நீங்க போங்க: கணபதியிலிருந்து பெருந்துறைக்குச் சைக்கிளில்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மே மாதக் கடைசி ஞாயிறு, காலை ஐந்தேகால் மணிக்கு, கோவை கணபதியில் என் தங்கை வீட்டு வாசலில், ஒரு வாடகைச் சைக்கிளின் மணியைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. விவாதம் இருபது நிமிடம் நடந்தது. நடுவில் இரண்டு முறை காபி வந்தது. மணியின் திருகு தளர்ந்து, சின்னக் கல்லில் ஏறினாலும் அது தானாக அடித்துக்கொள்கிறது, ஆகவே கழற்றி எறிய வேண்டும் என்பது ஒரு தரப்பு. மணி இல்லாமல் நெடுஞ்சாலையில் போவது முறையல்ல என்பது மறுதரப்பு. மறுதரப்பு நான். என் வாதமே வென்றது. அதன் விளைவு கீழே வருகிறது.

அந்த வழியில் சைக்கிளில் போக நினைக்கிற சிலர் விவரம் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் போனது ஒரே முறை. அதுவும் ஆசைப்பட்டுப் போகவில்லை.

என் தங்கை ருக்மணியின் கணவர் துரைசாமிக்குக் கணபதியில் லேத் பட்டறை. பம்பு உதிரிபாகம் செய்து, தானே வேன் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பார். அவர்கள் மகள் கவிதாவுக்கு அந்த வருடம் பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். அப்பாவின் பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும்தான் இடம் கிடைக்கும் என்பதால் சைக்கிள் வேண்டும் என்றாள். துரைசாமி மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தில் குறை காண முடியாது.

"நானும் அதே ரோட்டுல வண்டி ஓட்டறவன் மச்சான். எப்படி ஓட்டறம்னு எனக்குத் தெரியாதுங்களா? புள்ளைய அதுல உட முடியாதுங்க."

ஓட்டுவதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். பருவமழையை மாற்றிக்கொள்ளச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

ஒரு வாரம் இது வீட்டில் ஓடியது. கவிதா பேசுவதை நிறுத்தினாள். பேச ஆரம்பித்தாள். சாப்பிடுவதை நிறுத்தினாள். அது ஒரு வேளைதான். கடைசியில் துரைசாமி, தப்பிக்கும் எண்ணத்தில், ஒரு நிபந்தனை போட்டார். "மச்சான் தினமும் சைக்கிள்லதான அச்சாபீசுக்குப் போறாரு. ஹைவேல பெருந்துறை வரைக்கும் போகட்டும். ஒரு கீறல் இல்லாம போய்ச் சேந்தா சைக்கிள் வாங்கித் தாரேன்." எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று கணக்குப் போட்டிருப்பார். பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் வாடகைக்கு வருகிறது, அதைப் பார்க்க அவரே போக வேண்டியிருந்தது எனக்குத் தெரியும். "நீங்களும் சைக்கிள்ல வாரதா இருந்தா நானும் வாரேன் மாப்பிள்ளை" என்றேன். கவிதா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரால் மறுக்க முடியவில்லை.

இனி வழி. கணபதியிலிருந்து ஆவாரம்பாளையம் வழியாகப் பீளமேடு போய் அவிநாசி ரோட்டைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து கருமத்தம்பட்டி, அவிநாசி, பெருமாநல்லூர், செங்கப்பள்ளி, விஜயமங்கலம், பெருந்துறை. மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ. மே கடைசியில் போனால் பாலக்காட்டுக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். போகும்போது நமக்கு நல்ல உடற்கட்டு என்ற எண்ணம் வரும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், எண்ணம் போய்விடும். ஆகவே திரும்பி வரப் பஸ்.

பீளமேட்டில் ஆறு மணி. அன்றைய சாலை இரண்டு வண்டி எதிரெதிரே போகிற அகலம்தான். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே பல இடங்களில் அரையடி இறக்கம் இருக்கும். சாலையைப் பகிர்ந்துகொள்வதில் அப்போதே ஒரு தெளிவான ஏற்பாடு இருந்தது. தார் மோட்டாருக்கு, மண் சைக்கிளுக்கு, அரையடி இறக்கம் இருவருக்கும் பொது. நான் இருபது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவன், இது எனக்குப் பழக்கம். துரைசாமி தாரின் நடுவில் ஓட்டினார். பழக்கதோஷம்.

"இடது பக்கமா வாங்க மாப்பிள்ளை."

"அங்க குழிங்க."

"நமக்கு ஒதுக்குனதே அதுதானுங்க."

நீலாம்பூர் தாண்டி ஒரு பஸ் எங்களைக் கடந்தது. கடந்தது என்று எழுதுகிறேன், துரைசாமியின் சட்டைக் கையை அது தொட்டதா இல்லையா என்பதில் இன்றைக்கும் ஒருமித்த கருத்து இல்லை. ஹாரனை அடித்தது தூரத்தில் அல்ல, காதுக்கு நேராக. அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அவருடைய வாடகைச் சைக்கிளின் மணி தானாக அடித்தது. நூறு மீட்டர் தள்ளி ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு கொஞ்சம் குடித்தார்.

"மச்சான், நான் இப்படித்தான் ஓட்டறனுங்களா?"

"இல்லீங்க மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் பக்கத்துல."

கருமத்தம்பட்டியில் டீ குடிக்கும்போது அவர், யாரிடமோ சொல்வதுபோல, "அவ கை ரொம்பச் சின்னக் கைங்க. பிரேக்கே எட்டாது" என்றார். கடைக்காரர் எங்களிடம் கோவையிலிருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெட்ரோல் விலை ஏறிவிட்டதா என்று கேட்டார்.

அவிநாசியில் எட்டரை மணி. நான்கு இட்லி, ஒரு வடை, ஆளுக்கு ஏழு ரூபாய். இங்கே அரை மணி நேரம் உட்காருவது நல்லது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது சிரமம், அதையும் கணக்கில் கொள்ளவும். பெருமாநல்லூர் வரை வெயில் பொறுக்கும்படி இருக்கும். அதற்கப்பால் நிழல் கிடையாது. சோளத்தட்டு ஏற்றிய வண்டிகள், பனியன் துணிப் பொதி ஏற்றிய டெம்போக்கள், பின்னால் மூன்று பேரை ஏற்றிய மொபெட்டுகள். எல்லோரும் எங்களை ஒதுங்கச் சொன்னார்கள், மிக மரியாதையாக. "ஏனுங்க, கொஞ்சம் ஓரமாப் போனீங்கன்னா நல்லதுங்க" என்று ஒரு டெம்போக்காரர் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே எங்களை மண்ணில் இறக்கினார். நான் வேறு ஊர்களிலும் சைக்கிளில் மண்ணில் இறக்கப்பட்டிருக்கிறேன். இவ்வளவு பண்பாக அல்ல.

ஆனாலும் பதினொன்றரை மணிக்குச் செங்கப்பள்ளியைத் தாண்டியபோது எங்கள் இருவர் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. துரைசாமி இதைக் கவனித்திருந்தார். மகிழ்ச்சியா வருத்தமா என்று தெரியாத ஒரு குரலில், "இன்னும் இருபது கிலோமீட்டருங்களா?" என்றார்.

விஜயமங்கலத்துக்கு முன்னால் ஒரு சிறு பாலம். அதில் பாதியை வேலைக்காக அடைத்துக் கல்லை அடுக்கிச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்ததால் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இந்தப் பக்கம் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. நாங்கள் லாரியின் இடது பக்கமாகப் போய் நின்றோம். பஸ் கடந்துபோனது. லாரி டிரைவர் எஞ்சினைக் கிளப்பக் கை வைத்தார். அந்த நேரம் துரைசாமியின் முன்சக்கரம் ஒரு ஜல்லிக்கல்லில் ஏற, மணி அடித்தது.

டிரைவர் இந்தப் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்து கீழே பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு.

"ஏனுங்க, அவசரமுங்களா? போங்க, போங்க."

"அய்யோ, இல்லீங்க. மணி தானா அடிச்சுபோட்டுதுங்க. நீங்க போங்க."

"பரவால்லீங்க. வெயில்ல வாரீங்க. முன்னாடி போங்க."

"பெரிய வண்டிங்க. நீங்க போங்க."

"பெரிய வண்டின்னா என்னங்க? நீங்க போங்க."

"உங்களுக்கு லோடு இருக்குதுங்க."

பின்னால் நான்கு வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனவர்களுக்கு இது புரியும். இரண்டாவது முறை சோறு வைக்க வரும்போது மூன்று தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான்காவது தடவை வாங்கிக்கொள்ளாவிட்டால் அது அவமரியாதை. இருவருக்கும் மூன்று தடவை முடிந்திருந்தது. லாரிக்காரர், சைக்கிளில் வந்தவர் இவ்வளவு சொன்ன பிறகும் போகாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று எஞ்சினைக் கிளப்பிக் கியர் போட்டார். துரைசாமியும் அதே எண்ணத்தில் பெடலை மிதித்தார்.

பாலத்தின் வாயில் இருவரும் சேர்ந்து நுழைந்தார்கள். இடம் போதவில்லை. லாரி அவரைத் தொடவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். துரைசாமி தானே இடதுபுறம் ஒடித்தார். முன்சக்கரம் அரையடி இறக்கத்தில் இறங்கியது, அவர் சைக்கிளோடு மண்ணில் சரிந்தார். இடது பாதம் பெடலுக்கும் கல்லுக்கும் நடுவில் மடங்கிக்கொண்டது. மணி இன்னொரு முறை அடித்தது.

லாரி பாலத்தைத் தாண்டி நின்றது. டிரைவர் ஓடிவந்தார்.

"நீங்க போங்கன்னீங்களே, அதானுங்க போனேன்."

"நீங்களும் போங்கன்னீங்க" என்றார் துரைசாமி, உட்கார்ந்தபடியே. "உங்க மேல தப்பில்லீங்க."

"உங்க மேலயும் இல்லீங்க."

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் சைக்கிளை நிமிர்த்தினேன்.

கணுக்கால் அதற்குள் வீங்கியிருந்தது. முழங்கையில் தோல் போயிருந்தது. டிரைவர் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, அவரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. இரண்டு சைக்கிளையும் மூட்டைகள் மேல் ஏற்றிக் கட்டினார், எங்களைக் கேபினில் ஏற்றினார். கேபினில் ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். முன்னால் ஒருவர் கேரியரில் தீவனமூட்டையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், தாரின் மேல்.

"ஹாரன் அடிங்க" என்றார் துரைசாமி. "நடுரோட்டுல போறாரு பாருங்க."

டிரைவர் அவரை ஒருமுறை பார்த்தார். "நீங்களும் பாலத்துல அப்படித்தானுங்க போனீங்க" என்று சொல்லி, வேகத்தைக் குறைத்து, ஒரு ஆள் அகலம் விட்டு வலதுபுறமாகக் கடந்தார். துரைசாமி ஜன்னல் வழியே திரும்பி, அந்த மனிதர் பார்வையிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

பெருந்துறையில் ஒரு மணி. ஷெட்டை ஒற்றைக்காலில் நின்று பார்த்தார். வாடகை அதிகம் என்றார். கோவை பஸ்ஸில் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய், மேலே ஏற்ற சைக்கிளுக்கு ஐந்து ரூபாய். கயிறு நாம் கொண்டுபோவது நல்லது.

வீட்டில் ருக்மணி காலுக்குப் பத்துப் போட்டுக்கொண்டே விசாரணையை நடத்தினாள். கவிதா கதவோரம் நின்றாள். கீறல் இருந்தது, நிபந்தனைப்படி சைக்கிள் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாதாடவில்லை. அவள் வாதாடாதது துரைசாமிக்குத்தான் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"மாமா, நீங்க உழுந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை கண்ணு."

நடந்ததைத் துரைசாமியே சொன்னார், ஒன்றும் கூட்டாமல். ருக்மணி கேட்டு முடித்தாள். "ஏனுங்க, நீங்க உழுந்தது மரியாதையில. உங்க புள்ள இதுவரைக்கும் யாருக்காச்சும் வழி உட்டிருக்கறாளா? அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"பிரேக் எட்டற மாதிரி வண்டியாப் பாக்கணும் அம்மணி" என்றார் துரைசாமி, மகளிடம்.

இப்போது அந்தச் சாலை அடையாளம் தெரியாத அகலத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பாலத்தை நான் பிறகு தேடியபோது கிடைக்கவில்லை. நான் சொன்ன நேரமும் கட்டணமும் இன்று யாருக்கும் உதவாது. சில விஷயம் மட்டும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். சைக்கிளில் போகிறவர்கள் வெளிர்நிறச் சட்டை போடுங்கள், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், திரும்புவதற்கு முன் கையை நீட்டிக் காட்டுங்கள், நீட்டிய பிறகு மனசை மாற்றாதீர்கள். தார் ஓரத்தின் இறக்கத்தில் இறங்க வேண்டி வந்தால் நின்று, காலை ஊன்றி இறங்குங்கள். மோட்டாரில் போகிறவர்கள் ஹாரனைத் தூரத்திலேயே அடியுங்கள். பக்கத்தில் வந்து அடித்தால் அது எச்சரிக்கை இல்லை, தாக்குதல். கடக்கும்போது ஒரு ஆள் விழுகிற அகலம் விடுங்கள். ஏனென்றால் சில சமயம் ஒரு ஆள் விழுகிறார். குறுகின பாலத்தில் யாராவது ஒருவர் போங்கள். யார் என்பது முக்கியமில்லை. வருடத்தில் ஒரு நாளாவது இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டு போவது நல்லது, ஆனால் இதை யாரும் செய்யப்போவதில்லை, எனக்கும் வற்புறுத்தத் தெம்பில்லை.

ஜூன் இரண்டாவது வாரம் கவிதாவுக்குச் சைக்கிள் வந்தது. துரைசாமியின் இடதுகால் கிளட்சை மிதிக்க ஆறு வாரம் ஆனது. கல்லூரி திறந்த முதல் பத்து நாளும் அவர் அவளுடைய கேரியரில் உட்கார்ந்து பட்டறைக்குப் போனார்.