மட்டை இல்லாத அம்பாரம்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. 2005 புரட்டாசிக் கடைசியில், மரக்காணத்து உப்பளக்காரர் ஒருவரின் அலுவலகத்தில், நாற்காலியில் இருந்ததைவிட வாசலில் நின்று வானத்தைப் பார்த்ததுதான் அதிகம். மேகம் கூடிக்கொண்டே வந்தது. மழை இறங்கினால் உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் யாருக்கும் லோடு கிடையாது.

அவருக்கு நான் சி மொழியில் எழுதிக் கொடுத்த நிரல் சின்னதுதான். எந்த லாரிக்கு எந்த அம்பாரம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டு டோக்கன் அச்சடிக்கும். அலுவலகத்தில் ஒரு திரை, எடைமேடையில் ஒரு திரை, கோப்பு ஒன்றே. அதற்கு முன்பு அங்கே வேறு வழக்கம். அம்பாரத்தைப் பேசி முடித்த லோடு ஏற்றும் கோஷ்டி அதன் உச்சியில் ஒரு பனைமட்டையை நட்டுவிடும். மட்டை நட்டதை எப்பேர்ப்பட்ட முரடனும் தொடமாட்டான். "இனிமே மட்டையெல்லாம் வேணாங்க, கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டது நான்தான்.

விண்டோஸில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. என் நிரல் கோப்பைப் பூட்டியிருக்கும்வரை வேறெதுவும் அதில் எழுத முடியாது. உப்புக் காற்று அந்தக் கம்ப்யூட்டரைத் தின்று தீர்த்ததும், ஒரு பழைய பெட்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டேன். நிரலின் மற்ற வரிகளைத் தொடாமல் இருக்க, விண்டோஸ் பூட்டின் பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் எழுதி, உள்ளே லினக்ஸின் பூட்டை வைத்தேன். இரண்டு திரையிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று எழுதும்போது மற்றது காத்திருந்தது. ஆனால் அந்தப் பூட்டு, பூட்டியிருக்கிறதா என்று கேட்கிற நிரலை மட்டும்தான் நிறுத்தும். கேட்காமல் வருவதை விட்டுவிடும். இது எனக்குத் தெரியும். யார் கேட்காமல் வரப்போகிறார்கள் என்ற அலட்சியம்.

அப்படி வந்தவர் அந்த அலுவலகத்துக் குமாஸ்தா. ஒரு லாரி எண்ணைத் திருத்த, கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரத்தில் எடைமேடையில் நான் பதினேழாம் அம்பாரத்துக்கு டோக்கன் அடித்து, ஆறு பெண்கள் இருந்த ஒரு கோஷ்டியிடம் கொடுத்தேன். அந்தப் பதிவை நான் மூடி, பூட்டு விடுபடுவதற்குள் அவர் வந்து, திருத்தி, சேமித்தார். அவர் திறந்தபோது இருந்த பழைய விவரம் புதியதை அழித்துவிட்டது. பதினேழு மறுபடியும் காலி என்று ஆனது. அடுத்து வந்த லாரிக்கும் அதே பதினேழு.

பெண்களின் லாரி பஞ்சராகித் தாமதமாக வந்தது. அவர்கள் போய்ப் பார்த்தபோது வேறு ஆட்கள் பாதி அம்பாரத்தை ஏற்றியிருந்தார்கள். ஆறு பேரும் நேரே அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள்.

"நான் சரியாத்தான் பூட்டினேங்க. இவருதான் நேரா தொறந்து எழுதிட்டாரு" என்று முதலாளியிடம் முந்திக்கொண்டேன்.

குமாஸ்தாவின் முகம் சுண்டிவிட்டது. "போன மாசம் வரைக்கும் கூடாதுன்னா மிஷினே தடுத்துடும். இன்னிக்கி வுட்டுச்சு, எழுதினேன். பூட்டியிருக்குதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

கோஷ்டியின் தலைவிக்கு என் வயதுதான் இருக்கும். அவள் அவரைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மட்டை இருந்திருந்தா அந்த ஆளுங்க தொட்டிருப்பாங்களா? நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?"

பழியை அந்த மனிதர் மேல் போட்டதை நினைக்க வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுதாங்க" என்றேன், தாமதமாக. முதலாளி பதினெட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் வரப்பில் பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் ஓலையைத் தூக்கிக்கொண்டு அம்பாரங்களுக்கு ஓடினார்கள்.

அவள் மட்டும் நனைந்துகொண்டே திரும்பி வந்து, டோக்கனை என் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"இத நீங்களே வெச்சிக்கங்க."

தாள் ஊறிப் போயிருந்தது. பதினேழு என்ற எண் மட்டும் தெளிவாக இருந்தது.