நான் கூட்டி வந்த பதினைந்து ரெக்கார்டுகள்

இசைத்தட்டு சேர்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. விரல் படாமல் ஓரத்தில் பிடித்துத் தூக்குவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடுவார்கள். அட்டையை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் இதையெல்லாம் செய்தவன்தான், அவர்களைவிட மோசமாகவே செய்தவன். ஒருமுறை என் தங்கையைக் கூட்டி வர வேண்டிய இடத்திலிருந்து ரெக்கார்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

என்னிடம் நூற்றுக்கு மேல் இருந்தன. எல்லாம் எண்பதுகளின் நடுவில் மூன்று நான்கு வருடங்களுக்குள் வந்த சினிமாப் பாட்டு ரெக்கார்டுகள். கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓவர்டைம் பார்த்ததெல்லாம் ரெக்கார்டாகத்தான் வீட்டுக்கு வந்தது. தொண்ணூறுகள் பிறந்தபோது கடைகளில் கேசட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. புது ரெக்கார்டு வருவதே நின்றுபோனது. இனிமேல் கிடைக்காது என்றானதும் எனக்குக் கிறுக்கு முற்றிவிட்டது.

வீட்டில் அம்மா, நான், தங்கை என்று மூன்றே பேர். தங்கைக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் கேட்கத்தான் அவளுக்கு அனுமதி, தொடுவதற்கு இல்லை. பாட்டு முடிந்து முள்ளுக்கடியில் தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் குளித்துக்கொண்டிருக்கும் நான் ஈரத்துண்டோடு ஓடி வருவேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் கையை நீட்டக் கூடாது. அவளும் நீட்டியதில்லை.

அவளைப் பெண் பார்க்க அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்தார்கள். வீட்டிலேயே எட்டு பவர்லூம் தறி போட்டு ஓட்டுகிற குடும்பம். மாப்பிள்ளை என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுலயும் பிளேயர் ஒண்ணு சும்மா கெடக்குதுங்க, ரெக்கார்டுதான் இல்லீங்க" என்றார். அம்மா சிரித்த முகத்தோடு, "அதுக்கென்னங்க, அம்மணி வரும்போது கொண்டுட்டு வருவாளுங்க" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. சீர்ப் பாத்திரங்களோடு என் ரெக்கார்டுகளில் பதினைந்து வண்டி ஏறின.

ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் பென்சிலால் என் இனிஷியலை எழுதித்தான் அனுப்பினேன். கல்யாணம் முடிந்து அவள் புறப்படும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னிடம் வந்தாள். "படுக்க வெச்சுப்போடாதே, நிறுத்தித்தான் வெக்கோணும், சரியா?" என்றேன். ரெக்கார்டைத்தான் சொன்னேன். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எங்கள் சனத்தில் பல வீடுகளில் அப்போது இருந்ததுதான். மருமகள் நினைத்தபோது பொறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. பொறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட வேண்டும், வந்தவர் கூடவே அழைத்துக்கொண்டும் போக வேண்டும். கூப்பிட ஆள் வராமல் போகிற பெண்ணுக்கு நாதியில்லை என்று ஊர் பேசும். எங்கள் வீட்டில் அப்படிப் போகக்கூடியவர்கள் அம்மாவும் நானும்தான். ஆடிக்கு அம்மா போய் அழைத்து வந்தாள். தங்கை நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். ரெக்கார்டெல்லாம் எப்படி இருக்கிறது என்று அப்போதும் கேட்டேன். "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள்.

ஐப்பசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி மழை, தறி, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'அண்ணா, உங்க ரெக்கார்டெல்லாம் இங்கே கவனிப்பார் இல்லாமல் வீணாகிறது. சீக்கிரம் ஒரு நடை வந்து எடுத்துப் போகவும். தாமதிக்க வேண்டாம். எனக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம், "ரெக்கார்டு வீணாப்போகுதாமா, போயி எடுத்தாறேன்" என்று மட்டும் சொன்னேன். காய்ச்சலைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது என் மனசிலேயே நிற்கவில்லை. மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சமையற்கட்டு வாசலில் இருந்த தயிர்ச் சட்டி. அதன் மேல் மூடியாக என் ரெக்கார்டு ஒன்று. அளவெடுத்துச் செய்தது மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தூக்கினேன். அடியில் தயிர் ஒட்டிக் காய்ந்து மஞ்சள் பூத்திருந்தது. மேல் பக்கம் ஈ மொய்த்தது. நடு லேபிளில் யாரோ குழம்புக் கையோடு பிடித்த கட்டைவிரல் தடம். பஞ்சுத் தூசி கோடுகளுக்குள் இறங்கிக் கறுப்புத் தட்டு நரைத்துப் போயிருந்தது. அந்தச் சட்டி, அந்தப் புளிச்ச நாற்றம், எட்டுத் தறியின் தடதடப்பு எல்லாமே அருவருப்பாக இருந்தது. அந்தச் சத்தத்தில் இந்த வீட்டில் எவனாவது ஒரு பாட்டு கேட்டிருக்க முடியுமா? பிளேயர் கட்டிலுக்கடியில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது.

தங்கை உள் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்து எலும்பு தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் தலையைப் படிய வாரி, வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள். இதெல்லாம் என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டது. பட்டும் நான் கேட்டது, "இதுதான் நீ பாத்துக்கற லட்சணமா?" என்பதுதான்.

"நானு படுத்துட்டனுங்கண்ணா. அப்பத்தான் எடுத்துப்போட்டாங்க" என்றாள். மற்ற பதினாலையும் தன் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றில் கீறல் இருந்தது. தயிர்ச் சட்டித் தட்டை அவள் முந்தானையால் துடைக்கப் போனாள். "துணியில துடைச்சா கோடு உழுகுமுன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று பிடுங்கினேன். பிடுங்கும்போது அவள் கை என் கையில் பட்டது. சுட்டது. அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது.

அதற்குள் அவள் மாமியார் தறிப் பக்கமிருந்து வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் கொடுத்தார், சாப்பிடச் சொன்னார். பிறகு அவரே, "அம்மணியக் கூட்டிட்டுப் போலாமுன்னு வந்தீங்களாங்க, தம்பி? கூட்டிட்டுப் போங்க. காச்சல் உட்டபாடில்ல. பத்து நாளு அங்க இருந்து ஒடம்பத் தேத்திக்கிட்டு வரட்டும்" என்றார்.

நான் கேட்கக்கூட இல்லை. அனுமதியைத் தட்டில் வைத்து நீட்டினார். தங்கையின் காலடியில் கூடை பின்னல் பை ஒன்று தயாராக இருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது.

என் மனசுக்குள் அந்த நேரத்தில் ஓடிய கணக்கை இங்கே எழுதத்தான் வேண்டும். பதினைந்து ரெக்கார்டையும் பஸ்ஸில் மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அவிநாசியில் பஸ் மாற வேண்டும். இவள் வந்தால் இவளையும் பிடிக்க வேண்டும், பையையும் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் வாந்தி எடுத்தாலும் எடுப்பாள். அட்டை நனைந்தால் என்ன ஆகும்?

"இல்லீங்க அத்தை, ரெக்கார்டு எடுக்கத்தான் வந்தனுங்க. கூப்புட அம்மா ஒரு நாளைக்கு வருவாங்க" என்றேன். எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் தெரியுமா! ஒவ்வொரு வார்த்தையிலும் 'ங்க' போட்டுச் சொன்னேன்.

தங்கை உள்ளே போய் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து ரெக்கார்டுகளைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். முடிச்சு இறுகாததால் அவிழ்த்து மறுபடி போட்டாள். வாசல் வரைக்கும் வந்தாள். நான் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு பிடித்து, மூட்டையை மடியில் நிறுத்தி, ஊர் வந்து சேரும் வரைக்கும் அந்தத் தயிர்ச் சட்டிக்காரர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். மூட்டையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மணி வல்லியா?"

"அவளுக்கென்ன, அங்கதான் இருக்கறா. காச்சலாமா."

அம்மா கடிதத்தை எடுத்துவரச் சொன்னாள். முழுசாகப் படிக்கச் சொன்னாள். கடைசி வரி வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, "ஏண்டா, ரெக்கார்டுக்காவாடா அவ கடுதாசி போட்டா? அவிய படிச்சுப் பாக்காம தபால் பொட்டிக்குப் போவுமா? 'என்னயக் கூட்டிட்டுப் போங்க'ன்னு அவியளுக்குத் தெரியறாப்பல எழுத முடியுமா? எதைச் சொன்னா நீ ஓடுவேன்னு தெரிஞ்சு எழுதியிருக்கறாடா" என்றாள். சத்தம் போடவில்லை. தன் கைப்பையை எடுத்து அதில் மாற்றுச் சேலை ஒன்றை வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அம்மாவே அவளை அழைத்து வந்தாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ இரு, உன்ற ரெக்கார்டத் தொடச்சு வெய்யி" என்றாள். டைபாய்டு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். முடியெல்லாம் கொட்டிப்போனது.

பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் நான் கட்டிலருகே நின்றிருந்தேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள்தான் கண்ணைத் திறந்து, எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, பயந்த குரலில் கேட்டாள்.

"ரெக்கார்டெல்லாம் பாடுதுங்களாண்ணா?"

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் விடு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"ரெண்டுல மட்டும் முள்ளு தாண்டுது."