பின்னங்கால் வரைதான்

கோபம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சூடாகும். வளைகுடாவில், ரூவி என்ற ஊரைத் தாண்டி மலைப் பக்கம் நடந்த ரோட்டு வேலையில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த மார்ச் மாதம் முழுக்க என் காது ஆறவே இல்லை.

சைட்டுக்குக் கீழே ஒரு வாதி. மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு இங்கே அதுதான் பெயர். நான் வேலைக்கு வந்த புதிதில் கோடை பிறந்த பிறகும் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். இப்போதெல்லாம் மழை வந்தால் ஒரே நாளில் கொட்டி, தேரைகளின் முட்டைச் சரங்களைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இல்லையென்றால் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வருஷம் மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. அதில் கறுகறுவென்று தலைப்பிரட்டைகள். பின்னங்கால் முளைத்திருந்தது. முன்னங்காலும் வந்துவிட்டால் கரையேறிப் பிழைத்துக்கொள்ளும்.

எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். புழுதி அடங்கத் தெளிக்கிற தண்ணீரை அந்தக் குட்டையிலிருந்தே மோட்டார் வைத்து உறிஞ்சச் சொன்னார்.

"முடியாது அண்ணாச்சி. ஒரு வாரம் விட்டுடுங்க. காலு மொளச்சு ஏறிப் போயிடும்."

"ஏல, தேரைக்கெல்லாம் நான் லீவு சாங்ஷன் பண்ணணுமோ?"

கத்தினேன். அவரும் கத்தினார். வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார், தூக்குங்கள் என்றேன். கடைசியில், "சரி, கலாஸ், பேச்சு முடிஞ்சுது. டவுனுக்கே போய் நெறச்சிட்டு வா. ஒரு வாரந்தான்" என்று இறங்கி வந்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வெயில் யாரிடமும் பேரம் பேசவில்லை. மார்ச்சிலேயே ஜூன் மாத வெயில். குட்டை பாயளவு ஆனது, பிறகு தட்டளவு. லாரித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன்; சரளை குடித்துவிட்டது. அள்ளிக்கொண்டு போய் விடலாம் என்றால் பக்கத்தில் வேறு தண்ணீரே கிடையாது. வாரம் முடிவதற்குள் சேறு காய்ந்து வெடித்துவிட்டது. அத்தனையும் பின்னங்காலோடு அதில் ஒட்டிக் கிடந்தன.

ஃபோர்மேன் வந்து குனிந்து பார்த்தார். "நான் ஒரு சொட்டு எடுக்கலையே தம்பி" என்றார், தப்பு செய்தவர் மாதிரி. உண்மைதான். எடுத்திருந்தால்கூடத் தேவலை, அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது யார் சட்டையைப் பிடிப்பது?

மேலே ரோட்டில் அவருடைய பிக்கப், உள்ளே ஆளில்லாமல், ஏசிக்காகப் புகை கக்கி உறுமிக்கொண்டு நின்றது.

"அந்த இன்ஜினையாவது அணைச்சுத் தொலைங்களேன்!"

"அணைச்சா திரும்பப் போய் உள்ள உக்கார முடியாதுலா" என்றார்.

பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பிக்கப்புக்குப் பின்னால் என் லாரியும் அதே மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.