கெட்டியாகாத பால்

போன வருஷம், மாங்காய் சீசன் நேரம். ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பேருக்கு விழுங்குவதில் கஷ்டம். ஒருவர் என் மாமனார். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் புரையேறும். இன்னொன்று என் கொழுந்தனாரின் மகள். மாசம் நிறையாமல் பிறந்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது.

மாமனாரைப் பார்த்துக்கொள்வது நான்தான். தேனி ஆஸ்பத்திரியில் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒருவர், தண்ணீர், காபி எதுவானாலும் ஒரு பவுடரைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். முதல் நாளே புரையேறுவது நின்றது. அப்புறம் கேட்கணுமா, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "பாதி டாக்டராயிட்டா" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினால், "மீதியும் ஆவேன், பாருங்க" என்பேன்.

குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையில்தான் ஊட்டுவார்கள். பாதியைக் கக்கிவிடும், இருமும். பெற்றவள் அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தாத்தாவுக்கு நின்றது பேத்திக்கு நிற்காதா? டப்பாவை எடுத்தேன்.

"ஒண்ணும் செய்யாதுல்லக்கா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்ல ஆத்தா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பாலை என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஒரு சிட்டிகை கலந்தேன். லேசாகக் கெட்டிப்பட்டது, பாலாடையில் ஊற்றுவதற்குள் தண்ணியாகிவிட்டது. சரி போகட்டும் என்று அதையே ஊட்டினோம். அடுத்த வேளைக்கு இன்னும் கொஞ்சம் போட்டேன். அதுவும் அப்படியே. மாமனாரின் காபி கஞ்சி மாதிரி நிற்கிறது, இந்தப் பால் மட்டும் ஏன் இளகிப் போகிறது? பவுடர் போலிச் சரக்குதான் என்று எனக்கு வந்ததே கோபம்! அந்த மேடத்துக்கே போன் போட்டேன்.

"என்னத்த பவுடர் மேடம் இது? மெடிக்கல்ல ஏமாத்திட்டாகளா? எவ்வளவு போட்டாலும் பால் தண்ணியாவே போகுது!"

"எந்தப் பால்மா?"

"தாய்ப்பால்தான்."

"யாருக்குக் குடுக்குறீங்க?"

சொன்னேன்.

"கையில இருக்கிறத முதல்ல கீழ வைங்க."

என் கையில் எதுவும் இல்லை. பாலாடை அவள் கையில், குழந்தையின் உதட்டருகே இருந்தது. பாய்ந்து தட்டிவிட்டேன். பால் பாயெல்லாம் சிந்தியது.

குறைமாசக் குழந்தைக்குக் குடல் இன்னும் பக்குவப்பட்டிருக்காது, கெட்டிப்படுத்துகிற பவுடர் எதுவும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது, சில குழந்தைகளுக்குக் குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது என்றார் மேடம். "வயிறு உப்புதா இல்லையான்னு வீட்டுல வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. இப்பவே தூக்கிட்டு வாங்க."

தேனி போய்ச் சேரும்வரை காரில் குழந்தையின் வயிற்றைவிட்டு என் கண் நகரவில்லை. மூச்சுவிட்டு அது ஏறினாலே உப்புகிறதோ என்று எனக்கு உயிரே போனது. வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பெற்றவள் என் பக்கம் திரும்பாமல் குழந்தையை மடியில் அணைத்தபடியே வந்தாள்.

டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டப்பாவைத் திருப்பிக் காட்டினார். குழந்தைகளுக்குக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இத்தனை மாசமாகக் கலக்கியவள், ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. தாய்ப்பாலில் உள்ள ஏதோ ஒன்று அந்தப் பவுடரில் இருக்கிற மாவைக் கரைத்துவிடுமாம், அதனால்தான் நிற்கவில்லையாம். கரைந்துவிட்டதால் கெடுதல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்று அதற்கும் ஒரு திட்டு.

குழந்தையை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நர்ஸ் டேப்பைச் சுற்றிச் சுற்றி வயிற்றை அளந்தார். மறுநாள் காலையில் குழந்தை மஞ்சளாக வெளிக்குப் போனது. "நல்லா இருக்கு, பயமில்லை" என்று டாக்டர் சொன்னதும், ஒரு துணியில் இருந்த பீயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போதுதான் என் கொழுந்தனார் மனைவி சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க மட்டும் போன் பண்ணலேன்னா ரெண்டாவது வேளையும் ஊட்டியிருப்பேன்லக்கா" என்றாள்.

சொட்டுச் சொட்டாக, விழுங்கவிட்டு விழுங்கவிட்டு ஊட்டவும், ஊட்டிய பிறகு நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிக்கவும் நர்ஸ் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். கக்குவது போகப் போகத் தானாகவே குறைந்தது. இப்போது நடக்கிறாள், கடிக்கிறாள், ஒரு இடத்தில் இருப்பதில்லை.

நான் போன் பண்ணியதால்தான் குழந்தை பிழைத்தது என்று வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் நான் அன்றைக்குச் சண்டை போடத்தான் போன் எடுத்தேன், கேட்பதற்கு எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அவள் "பெரிம்மா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அது ஞாபகம் வந்து அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.