இருட்டுப் படத்தில் பிடித்த கை

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த கணவரோடு, கடலூர் தியேட்டரில் ஒரு காதல் கலந்த கொலைப் படம் பார்த்தேன். காதல் காட்சிகள் உருக்கம். நாயகனும் நாயகியும் மழையில் பேசாமல் நிற்பதே போதும். ஆனால் கொலைகாரன் யாரென்று இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிட்டது. படம் முழுக்க அநியாய இருட்டு வேறு.

நடுவில் பாத்ரூம் போய் வந்து, தட்டுத் தடுமாறி உட்கார்ந்தேன். நாயகி அழ, எனக்கும் அழுகை வந்தது. பல வருடம் கழித்து அவர் கையைப் பிடித்தேன்.

அவருக்கு அந்தப் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “யக்கா, உங்க வூட்டுக்காரரு முன்னாடி சீட்டுல தூங்குறாரு. இவரு எங்க வூட்டுக்காரரு.”

சட்டென்று கையை விட்டேன். எழுந்து முன்னால் போனேன். கணவர் கண் திறக்கவேயில்லை.

இப்போதெல்லாம் தியேட்டர் இருட்டில் குறட்டை எங்கே கேட்கிறதோ, அதன் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.

– ஒரு வாசகி, சிதம்பரம்