ஏழாம் கேள்விக்கு நான் சொன்ன பதில்

கிழக்கு லண்டனில் ஒரு பொலிஸ் நிலையத்தின் முன் கவுண்டரில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். நான் பொலிஸ்காரன் அல்ல. மேசைக்குப் பின்னால் இருந்த சிவிலியன் ஊழியன். ஆனால் அந்தப் பெரிய அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சில சார்ஜண்டுகளைவிட நன்றாக அறிந்திருந்தேன். அந்த அறிவைத்தான் தவறாகப் பயன்படுத்தினேன்.

வெளியே இருப்பவர்களுக்குப் பொலிஸ் என்றால் ஒன்றுதான். உள்ளே அது பல துண்டுகள். அவசர அழைப்புக்கு ஓடுகிறவர்கள் ஒரு பிரிவு. எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்கள். தெருக்களையும் கடைக்காரர்களையும் தெரிந்துவைத்திருக்கும் அக்கம்பக்கப் பிரிவு இன்னொன்று. தடுப்பறைக்குத் தனி ஆட்கள். துப்பறிவோர் மேல்மாடியில். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கென்று ஒரு பிரிவு. அது வேறு கட்டடத்தில். இவர்கள் ஒருவரையொருவர் காண்பதே அரிது. இடையில் போய்வருவது படிவம்தான். அதிலுள்ள பதில்களைப் பார்த்தே ஒரு முறைப்பாடு எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பார்கள்.

ஒரு பிற்பகல் பிளேஸ்டோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வந்தவள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஷிப்ட் முடியும் அவசரத்தில் இருந்த கான்ஸ்டபிள், என்னையே கேட்டுச் சொல்லச் சொன்னார். நான் மறுத்திருக்க வேண்டும்.

படிவத்தில் ஏழாவது கேள்வி, கணவன் எப்போதாவது கழுத்தை நெரித்தானா என்பது. ஆம் என்றால் படிவம் நேரே அந்த வேறு கட்டடத்துக்குப் போகும். அன்றைக்கே அவனைப் பிடிப்பார்கள்.

"ஓம் ஐயா, ரெண்டு தரம். மூச்சு விட ஏலாமல் போச்சு. மேல்வீட்டு மனுசி கதவைத் தட்டினபடியால்தான் விட்டவர். இனி அவர் வீட்டில நிக்கக் கூடாது."

அவளுடைய கணவனின் தமையனும் நானும் ஒரே கோயிலின் நிர்வாக சபையில் இருந்தோம். அடுத்த கிழமை கொடியேற்றம். நான் கான்ஸ்டபிளிடம், தள்ளினானாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அவளிடம், "பயப்பிடாதேங்கோ பிள்ளை, பொலிசுக்காரர் கதைச்சுச் சரிக்கட்டுவினம்" என்றேன்.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கோயிலில் அந்தத் தமையனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்ற பயம்.

படிவம் அக்கம்பக்கப் பிரிவுக்குப் போனது. நான்கு நாள் கழித்து இருவர் அந்த வீட்டுக்குப் போனார்கள். நல்ல மனிதர், தேநீர் போட்டுத் தந்தார் என்று திரும்பி வந்து என்னிடமே சொன்னார்கள். அடுத்த மாதம் அவள் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு அவளையும் இரண்டு பிள்ளைகளையும் வேறிடத்தில் குடியேற்றினார்கள். என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிரிவும், பிழை மற்றப் பிரிவில்தான் என்று நினைத்தது. நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

ஒரு வருடத்துக்குப் பின் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் என்னைக் கண்டு கிட்ட வந்தாள்.

"பிள்ளையளைத் தன்னட்டை விடச்சொல்லிக் கேக்கிறார் ஐயா. கோர்ட்டில அவற்ற லோயர் அந்தப் படிவத்தைக் காட்டுறார். கழுத்தைப் பற்றி நான் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையாம், இப்ப சோடிக்கிறனாம்."

வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

"நான் அவ்வளவு நேரம் அழுது சொன்னதை ஒரு சொல்லில முடிச்சனீங்கள். கெட்டிக்காரன்தான். அந்த இங்கிலீசுச் சொல்லு எனக்கு அப்பவே விளங்கினது."

"விளங்கினதெண்டால் ஏன் பிள்ளை அப்ப சொல்லேல்லை?"

"தகப்பன் வயசு ஆளை, பொலிசுக்கு முன்னால பொய்யன் எண்டு சொல்லுறதோ? அப்பிடியோ எங்களை வளர்த்தவை?" என்றாள். பிறகு, "இப்ப சொல்லுறன். நீங்கள் பொய்யன். அதை நீங்களே எழுதித் தாங்கோ. வாற மாதம் வழக்கு."

பன்னிரண்டு நாட்கள் எழுதவில்லை. பென்ஷனை நினைத்தேன், கோயிலை நினைத்தேன். பதின்மூன்றாம் நாள் அவளுடைய லோயருக்கும், ஊழியர்களின் தவறுகளை விசாரிக்கும் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். அவள் சொன்னது இது, நான் சொன்னது இது, காரணம் இது. அரைப் பக்கம்கூட வரவில்லை.

வேலை போனது. தமையன் என்னோடு கதைப்பதில்லை. பிள்ளைகள் தாயிடமே இருக்கிறார்கள் என்று லோயர் ஒரு வரி எழுதியிருந்தார். அவள் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவாள் என்று நானும் காத்திருக்கவில்லை.