பத்தில் வந்து நின்ற கோடு

சித்தப்பாவின் கார் ஏறாத மேடு எங்கள் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். மேல் டிவிசனுக்குப் போக அதை விட்டால் வேறு பாதை இல்லை என்பதுதான் கஷ்டம். தேயிலைக்கு நடுவே செங்குத்தாக எழுந்து ஒரே திருப்பாகத் திரும்பும் அந்த இடத்துக்கு மூச்சு முடக்கு என்று பேர். கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவர்களுக்காக யாரோ வைத்த பேர், காருக்கும் பொருந்திப் போனது.

வெள்ளை நிற ஜப்பான் கார். என்னைவிட மூத்தது. கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்ஷன், உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்வார். டிவி மாதிரி ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கும் என்று நம்பி நான் குனிந்து தேடியிருக்கிறேன். ஒரு பழைய செருப்புத்தான் கிடைத்தது.

அந்தக் கார் சித்தி குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் வந்தது. சித்தப்பா வாடகைக்கு ஹயர் ஓடுவார், குடும்பம் இனிப் பிரிய வேண்டாம் என்று இரண்டு பேரும் யோசித்து வாங்கினார்கள். கார் உழைக்காவிட்டால் சித்தி திரும்பவும் போக வேண்டியதுதான். நிவித்திகலை டவுனிலிருந்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர் அடிக்கடி வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். பெரியவர்களுக்கு இதெல்லாம் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் பிஸ்கட் கொண்டுவருவார்களா என்பதுதான் என் கவலை.

கோளாறு இப்படித்தான் தொடங்கியது. முதலில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் 'டக் டக்' என்று தட்டியது. சித்தப்பா பழைய லொறிகள் ஓட்டிப் பழகியவர். பொனட்டைத் திறந்து, பிளக்குகளுக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, "இப்பச் சரி" என்பார். மறுநாளும் கொஞ்சம் திருப்புவார். கடைசியில் தட்டுகிற சத்தம் அடியோடு நின்றது. கூடவே இழுவையும் நின்றது. மூச்சு முடக்கில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. லயத்து வரிசை வீட்டுப் பையன்கள் கார் சத்தம் கேட்டாலே பின்னால் உருளாமல் சில்லுக்கு அண்டை கொடுக்கக் கல்லோடு ஓடிவந்து நிற்பார்கள். டவுனிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் பாஸ் "எஞ்சின் எக்க இவரய்" என்று சிங்களத்தில் சொன்னார். எஞ்சின் முடிந்துவிட்டதாம். சித்தி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் மேல் டிவிசன் கங்காணி வீட்டில் கல்யாணம் வந்தது. பொண்ணு மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மேலே கொண்டுபோக ஒரு கார் வேண்டும். சித்தப்பா போய்க் கேட்டார். கங்காணி நல்ல பாரமான மனிதர், பேச்சும் பாரம்.

"கல்யாணப் பொண்ண எறக்கித் தள்ளச் சொல்லுவியா? ஞாயித்துக்கெழம நான் வர்றேன். என்னையும் ஏத்திக்கிட்டு ஒன் கார் மேல போச்சுன்னா ஹயர் ஒனக்கு. இல்லாட்டி டவுன்ல வேன் சொல்லிருவேன்."

சனிக்கிழமை காலையில் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நிவித்திகலையில் கார் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நானா சிரித்தார்.

"பொறி விழுற நேரத்த, அதான் டைமிங்க, காதால வெக்கிற கார் இல்ல தங்கச்சி இது. நீங்க ஒரு பக்கம் திருப்ப, கம்ப்யூட்டர் அதுட இஷ்டத்துக்கு இன்னொரு பக்கம் மாத்தும். மொதல்ல அதுட கையக் கட்டிப் போடணும்."

எஞ்சின் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், அதில் டி-ஈ-ஒன், ஈ-ஒன் என்று எழுதிய இரண்டு ஓட்டையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால் கம்ப்யூட்டர் டைமிங்கில் கைவைக்காது, அந்த நேரத்தில்தான் கப்பியிலுள்ள கோடு எங்கே நிற்கிறதென்று லைட் அடித்துப் பார்க்க வேண்டும் என்றார். பெரிய டோர்ச் மாதிரி இருந்த டைமிங் லைட்டை இரவல் கொடுத்தார். சித்தி அதைக் கீரைக்கட்டோடு பையில் வைத்துக்கொண்டாள்.

லைட்டைக் கண்டதும் சித்தப்பாவின் முகம் சுருங்கியது. "நீ எனக்குப் பழக்க வந்துட்டியா?"

"நான் ஏன் பழக்குறேன்? லைட்ட நான் புடிக்கிறேன். திருப்புறது நீங்கதான்," என்றாள் சித்தி. சித்தப்பா ஸ்பேனரைத் தேடி எடுத்தார்.

காரைப் பலாமரத்து நிழலில் நிறுத்தினார்கள். சித்தி எஞ்சினில் பெல்ட் ஓடும் அடிக் கப்பியைத் துடைத்து, விளிம்பிலிருந்த சிறு வெட்டைக் கண்டுபிடித்தாள். குவைத்திலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கியூட்டெக்ஸை அதில் கோடாகத் தொட்டு வைத்தாள். ஒரு முறைகூட அவள் நகத்தில் பூசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. பக்கத்து மூடியில் சின்னச் சின்ன எண்கள் இருந்தன. அந்தக் கோடு பத்துக்கு நேரே நிற்க வேண்டும் என்று நானா சொல்லியிருந்தார். எண்கள் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் மங்கலாகத்தான் தெரிந்தன. எனக்குப் பளிச்சென்று தெரிந்தன. வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் என்று சித்தி என் ஜடையைச் சட்டைக்குள் செருகிவிட்டாள். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் காற்றாடி ஒரு தடவை சுற்றி நிற்கும் வரை சூடாக்கினார்கள். கறுப்புப் பெட்டியில் வயர்த்துண்டைச் செருகினார்கள். லைட்டின் கவ்வியை முதலாவது பிளக் வயரில் மாட்டினார்கள். வெளிச்சம் படாமல் சித்தி ஒரு போர்வையை எங்கள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு லைட்டை அழுத்தினாள்.

அப்படி ஓர் அதிசயத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த கப்பி, விட்டுவிட்டு மின்னிய அந்த வெளிச்சத்தில் அப்படியே நின்றது. சிவப்புக் கோடு அசையாமல் என்னைப் பார்த்தது.

"எங்க நிக்குது?"

"பத்துல இல்ல சித்தி. சைபரையும் தாண்டி அந்தப் பக்கம் நிக்குது!"

வெளியே நின்ற சித்தப்பா டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை இளக்கி மெதுவாகத் திருப்பினார். கோடு நகர்ந்தது.

"வருது... வருது... சைபர்... அஞ்சு... இன்னுங் கொஞ்சம்... ஐயோ தாண்டிருச்சு சித்தப்பா, பின்னுக்கு!"

என் வாழ்க்கையில் அதுவரை பெரியவர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு நடந்ததில்லை. நான் "நிப்பாட்டுங்க" என்றதும் அவர் நிறுத்தினார். கோடு பத்தில் வந்து நின்றது. போல்ட்டை இறுக்கியபோது ஒரு மயிரளவு விலகியது. நான் விடவில்லை, மறுபடி இளக்கவைத்தேன். இறுக்கிய பிறகும் பத்து.

சித்தி வயர்த்துண்டை உருவினாள். கோடு பத்தை விட்டு அந்தண்டை பாய்ந்தது. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று நான் கத்தினேன்.

"கத்தாத. அது இனிக் கம்ப்யூட்டர் பாத்துக்கும். இப்பிடி ஓடுனாத்தான் சரின்னு நானா சொன்னாரு," என்றாள் சித்தி. சித்தப்பா எக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். எஞ்சின் சட்டென்று சீறியது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்கக் கூடாதென்று சித்தி போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கங்காணி முன்சீட்டை நிறைத்து உட்கார்ந்தார். பின்னால் அவர் சம்சாரம், என் அப்பா, சித்தி. சித்தியின் மடியில் நான். மூச்சு முடக்கில் பையன்கள் தயாராக நின்றார்கள். சித்தப்பா கியரை மாற்றினார். கார் முனகவில்லை, தட்டவில்லை. இழுத்தது. முதுகு சீட்டோடு ஒட்டும்படி இழுத்தது. திருப்பில் சில்லு கல்லை வாரியடிக்க, கார் ஒரே மூச்சில் மேலே போய்விட்டது. பின்கண்ணாடியில் பார்த்தேன். பையன்கள் கையில் கல்லோடு வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு ஒருவன் கல்லைப் போட்டுவிட்டுக் கூவினான். எல்லோரும் கூவிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். கூடவே நானும் கூவினேன். கங்காணியின் சம்சாரமும் கூவினாள், சத்தியமாக.

மேலே போய் நின்றதும் கங்காணி இறங்கி, பொனட்டை மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டினார். "ஹயர் ஒனக்குத்தான்டா. காருக்குப் பூ கட்ட நாளைக்கே சொல்லிரு."

சித்தப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார். சித்தி இறங்கவில்லை. என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இனி நான் போக மாட்டேன்," என்றாள் அவரைப் பார்த்து.

"போக வேணாம்," என்றார் சித்தப்பா.

எனக்குப் பகீரென்றது. வீடு எவ்வளவு தூரம் கீழே இருக்கிறது! "அப்ப எப்பிடிச் சித்தி வீட்டுக்குப் போவீங்க? நடந்தா?" என்று கேட்டேன். அவள் என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், என் உச்சி நனையும் அளவுக்கு. அப்பா வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே புறப்பட்டபோது சித்தி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். போக மாட்டேன் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவள், சொன்ன வாக்கை அதற்குள் மாற்றிக்கொண்டாளே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.